வீல் பேரிங்கோடு சீலையும் பாருங்கள்

வேகம் கூடும்போது வண்டியின் அடியிலிருந்து ஒரு முழக்கம் கிளம்பி, கியரை மாற்றினாலும் மாறாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் குறையாமல், வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் வீல் பேரிங்கை, அதாவது சக்கரம் இலகுவாகச் சுற்ற அதன் நடுவில் இருக்கும் குண்டு அல்லது ரோலர் வளையத்தைச் சந்தேகப்படலாம். எஞ்சின் சத்தம் எஞ்சின் சுற்றுவதோடு போகும், இது சக்கரம் சுற்றுவதோடு போகும். ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் நியூட்ரலில் உருளவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே முழக்கம் இருந்தால் எஞ்சினைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

என்னிடம் இருப்பது இரண்டு வண்டிகள், ஒன்று பழைய பின்சக்கர டிரைவ், இன்னொன்று முன்சக்கர டிரைவ். இரண்டுக்கும் பேரிங் வேலையை நானே செய்கிறேன், இரண்டிலும் பேரிங் வேறு ரகம், மாற்றும் முறையும் வேறு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பேரிங் அதன் காலத்துக்கு முன்பே பாழாகிறதென்றால் பெரும்பாலும் கோளாறு பக்கத்தில் இருக்கும் ரப்பர் சீலில், அதாவது கிரீஸை உள்ளேயும் தண்ணீரையும் மண்ணையும் வெளியேயும் நிறுத்தும் வளையத்தில் தொடங்கியிருக்கும். பேரிங்குக்கு நல்ல சரக்காகத் தேடி அலைகிறவர்கள்கூட சீலை மட்டும் துடைத்துவிட்டுப் பழையதையே திருப்பி அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

முதலில், சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பது. இடப்பக்கம் வளைந்தால் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும், அதனால் இடது வளைவில் முழக்கம் கூடினால் பெரும்பாலும் வலது பக்கப் பேரிங், வலது வளைவில் கூடினால் இடது பக்கம். டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி முழங்கும், பல பேர் ஏமாறுவது இங்கேதான். டயர் சத்தம் சாலையின் மேற்பரப்பு மாறினால் மாறும், பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது. இன்னும் சந்தேகம் இருந்தால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப்போட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங் மேல் பழி இல்லை.

அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் மேல் உட்காரவைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையைக்கூட நுழைக்காதீர்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுங்கள்), சக்கரத்தின் மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங் ஆட்டம், நிற்காவிட்டால் பால் ஜாயின்டையோ சஸ்பென்ஷன் புஷ்ஷையோ பாருங்கள். முன்சக்கரத்தில் 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீல் செய்த ரகப் பேரிங்கில் ஆட்டமே இல்லாமலும் சத்தம் வரும், அதற்கு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துப் பார்த்தால் போதும். உள்ளே சொரசொரப்பு இருந்தால் ஸ்பிரிங் வழியாக அது விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்பதற்கு முன்பே தெரியும்.

சரி, பேரிங் ஏன் போகிறது? சுமை ஒரு காரணம்தான். பால் பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் சூத்திரத்தில் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வருகிறது, சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகலமான ரிம் மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும், ஏனென்றால் டயர் வெளியே தள்ளிப்போகப் போக பேரிங் மேல் விழும் நெம்புவிசையும் கூடுகிறது. ஆனால் அளவான சுமையில் ஓடும் வண்டியில் பேரிங்கைக் கொல்வது தண்ணீரும் மண்ணும்தான். நீண்ட தூரம் ஓடியதும் ஹப், அதாவது பேரிங் மேல் சுற்றும் சக்கரத்தின் நடுப்பகுதி, சூடாகியிருக்கும், உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. சீலின் உதடு, அதாவது தண்டோடு உரசி நிற்கும் அதன் ரப்பர் விளிம்பு, நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. உதடு காய்ந்து கெட்டியாகியோ தேய்ந்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், கிரீஸ் வெளுத்துக் குழம்பிவிடும், வண்டி சில நாள் நின்றால் ரோலர் நிற்கும் இடத்திலேயே துரு கோடு போடும். அந்தக் கோட்டில்தான் பின்னால் உலோகம் செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கிறது.

இதனால்தான் பழைய பேரிங்கைக் கழற்றியதும் தூக்கிப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்கிறேன். கிரீஸ் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலையும் அது உரசும் தண்டையும் சரிபார்க்காமல் புதுப் பேரிங் போட்டால் அதற்கும் இதே கதிதான். கிரீஸ் கறுத்து எரிந்த வாடை அடித்தால் அதிகச் சூடு, நட்டை இறுக்கி வைத்திருக்கலாம் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கலாம். ரோலரோ அது ஓடும் வளையமான ரேஸோ நீலம் பாய்ந்திருந்தால் சூடு எல்லை மீறிப் போயிருக்கிறது, அதை எந்தக் காரணத்துக்காகவும் திரும்பப் போடக்கூடாது. ரேஸில் ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தால் அடி விழுந்திருக்கிறது, ஒன்று சக்கரம் பெரிய குழியில் இறங்கியிருக்கும், இல்லையென்றால் பேரிங்கைப் போட்டவர் தவறான இடத்தில் சுத்தியலால் அடித்திருப்பார்.

இனி வேலை. பழைய ரகமான டேப்பர் ரோலர் பேரிங்கிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். இந்த வகைப் பேரிங்குக்கு ஹென்றி டிம்கென் 1898ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அவர் கோச்சு வண்டி செய்கிறவர், வண்டி வளைவில் திரும்பும்போது அச்சின் மேல் பக்கவாட்டில் விழும் விசையைத் தாங்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ரோலரையும் அது ஓடும் பாதையையும் சாய்வாக அமைத்ததால் மேலிருந்து வரும் எடையையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் ஒரே பேரிங் தாங்குகிறது. சக்கரத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, எதிரெதிராகச் சாய்ந்து இரண்டு பேரிங் இருப்பது இதற்குத்தான்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பிரேக் என்றால் கேலிப்பரை எடுத்துக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிட வேண்டாம். டஸ்ட் கேப்பை நெம்பி, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, வாஷரையும் வெளிப்பக்கப் பேரிங்கையும் எடுத்தால் ஹப் கையோடு வந்துவிடும். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட் எதிர்மரையில் இருக்கும், முரட்டுத்தனமாகத் திருப்புவதற்கு முன்னால் மரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் சீலை நெம்பி எடுத்ததும் உட்பக்கப் பேரிங் விழும். ஹப்புக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும் வெளி ரேஸை, நம் மெக்கானிக்குகள் கப் என்பார்கள், விட்டுவிட்டு ரோலர் பகுதியை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பழைய கப் பழைய ரோலரோடு தேய்ந்து பழகியது, புது ரோலர் அதில் ஓடினால் சீக்கிரமே சொரசொரப்பாகும். இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு, உதாரணமாக எல்44649 என்பது கோன் (ரோலர்களோடு கூடிய உள்பகுதி), எல்44610 என்பது அதன் கப். பழையதில் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு போனால் வாங்கும்போது குழப்பம் வராது. பெயர்பெற்ற கம்பெனிகளின் பெட்டிக்குள் போலிச் சரக்கும் வருகிறது, பெட்டியை விட ரிங்கில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், அது தெளிவாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கப்பை எடுக்க ஹப்புக்குள் எதிரெதிரே இரண்டு வெட்டு இருக்கும். மென்மையான பித்தளைக் கம்பியை அங்கே வைத்து, ஒருபக்கம் ஒரு தட்டு மறுபக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினால் சாயாமல் இறங்கும். புதுக் கப்பை உறைபெட்டியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடுவது என் வழக்கம். 60 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 40 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் 0.03 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இங்கே இறுக்கமே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் என்பதால் அந்தச் சுருக்கம் நன்றாகவே உதவுகிறது. பழைய கப்பின் வெளிப்பக்கத்தை கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்து வைத்துக்கொண்டால், அதையே புதுக் கப்பின் மேல் கவிழ்த்து அடித்து இறக்கலாம், அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளாது. கப் அடிவரை போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், மந்தமாக இருந்தது கணீரென்று ஒலிக்கும். அதோடு விடாமல் பின்பக்கத்து வெட்டு வழியாக மெல்லிய ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் இன்னும் உட்காரவில்லை.

பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்றுவதைக் கையால்தான் செய்கிறேன். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுத்தால் ரோலர்களுக்கு நடுவில் புகுந்து மறுபக்கம் புழுப்புழுவாக வெளியே வரும், அப்படியே சுற்றிச் சுற்றி முழு வட்டமும் செய்ய வேண்டும். இதற்குக் கருவியும் உண்டு, ஆனால் கையால் செய்யும்போது ஒவ்வொரு ரோலரும் விரலில் படுகிறது, ஒரு மணல் துகள் இருந்தாலும் தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டிகளுக்கு என்று குறிப்பிட்ட, அதிகச் சூடு தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், கெட்டித்தன்மை அளவில் (என்.எல்.ஜி.ஐ.) இரண்டாம் எண், பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான். பழைய கிரீஸ் மேலேயே புது கிரீஸை அப்ப வேண்டாம், வேறு வேறு வகைக் கிரீஸ் கலந்தால் சில ஜோடிகள் இளகி வழிந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். உலர்த்தக் காற்றுக் குழாயைப் பிடித்தால் பேரிங்கைச் சுற்றவிடாதீர்கள், கிரீஸே இல்லாமல் அசுர வேகத்தில் சுற்றி ரோலர் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். ஹப்பின் உட்குழிவையும் நிரப்பித் தள்ள வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும், அதிகக் கிரீஸ் கடைபட்டுச் சூட்டைத்தான் கூட்டும்.

இப்போது சீல். உட்பக்கப் பேரிங்கை உள்ளே வைத்த பிறகு அதற்குப் பின்னால் இதை அடிக்கிறோம். சீலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள் ஸ்பிரிங் தெரியும். அந்தப் பக்கம் கிரீஸைப் பார்த்து, அதாவது பேரிங்கைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு உதடு உள்ள ரகத்தில் உள் உதடு கிரீஸைத் தடுக்கும், வெளி உதடு தூசியைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், உலர்ந்த உதடு முதல் சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும். ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்திலும் கிரீஸை அப்பிவிட்டால் அடிக்கும் அதிர்ச்சியில் ஸ்பிரிங் துள்ளி வெளியே வராது. அடிக்கும்போது சீலின் முழு வட்டத்தையும் மூடுகிற மாதிரி ஒரு தட்டையான மரக்கட்டையை வைத்து, நேராக இறக்குங்கள். ஓரத்தில் சுத்தியல் பட்டுத் தகடு நெளிந்தால் அந்தச் சீலை எடுத்துவிட்டு வேறு போடுங்கள், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் உதடு ஒரு பக்கம் விலகியிருக்கும்.

அதை விட முக்கியம் உதடு உரசும் தண்டின் பரப்பு, இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்றாலும் பார்க்கிறவர்கள் குறைவு. பல வருடம் ஒரே இடத்தில் ரப்பர் உரசி, நடுவில் மண்ணும் சேர்ந்து எஃகிலேயே ஒரு பள்ளக்கோடு விழுந்திருக்கும். நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் புதுச் சீலும் ஒழுகும். லேசான துருவாக இருந்தால் மிக நைஸான உப்புத்தாளால் தண்டைச் சுற்றித் தேய்த்தால் போதும், நீளவாக்கில் தேய்க்கக்கூடாது, அந்தக் கீறல் வழியாகவே கிரீஸ் வெளியே நடந்துவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, அதைத் தண்டின் மேல் ஏற்றினால் அதே சீல் புதுப் பரப்பில் ஓடும். ஹப்பின் அமைப்பு இடம் கொடுத்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் குறைவாக இறக்கி உதட்டைப் பழைய கோட்டிலிருந்து விலக்கியும் வைக்கலாம். டிரைவ் ஷாஃப்ட் அல்லது பின் ஆக்சில் ஷாஃப்டைச் சீலுக்குள் நுழைப்பதாக இருந்தால் அதன் பல்வரிசைக்கு டேப் சுற்றிவிட்டு நுழையுங்கள், கூரான பல் பட்டால் உதடு கிழிந்துவிடும். பின் ஆக்சிலில் சீல் கிழிந்தால் கியர் ஆயில் நேராக பிரேக் ஷூ மேல் வடியும், அப்புறம் அது பேரிங் பிரச்சினையாக மட்டும் இருக்காது, வண்டி நிற்காது.

ஹப்பை ஏற்றி, வெளிப்பக்கப் பேரிங், வாஷர், நட் எல்லாம் போட்டபிறகு இறுக்குவதில் அவசரம் வேண்டாம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை ஓரளவு இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்திவிட்டு விரலால் மட்டும் இறுக்கி, பக்கத்தில் சரியாக வரும் துளையில் புது ஸ்ப்ளிட் பின்னைப் போட வேண்டும். பல வண்டிகளுக்கு இருக்க வேண்டிய ஆட்டம் 0.03 முதல் 0.13 மி.மீ. வரைதான், உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதே இறுதி. டயல் கேஜ் இல்லாவிட்டால் நட்டுக்குப் பின்னால் இருக்கும் வாஷரை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளிப் பாருங்கள், நெம்பாமல் லேசாகத் தள்ளினாலே நகர வேண்டும். இந்தச் சிறு ஆட்டத்தைக் குறையென்று நினைத்து இறுக்கிவிட்டால், ஓடிச் சூடாகி விரியும்போது ரோலருக்கு இடமில்லாமல் போகும், முன்னே சொன்ன நீலம் பாய்வது அப்படித்தான்.

முன்சக்கர டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கிச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் வார்ப்புப் பகுதி) பிரஸ் வைத்து அழுத்தி ஏற்றிய இரட்டை வரிசைப் பால் பேரிங் இருக்கும், சீல் அதிலேயே இருக்கிறது, கிரீஸ் போடும் வேலை கிடையாது. இங்கே மனதில் நிறுத்த வேண்டியது, விசை எந்த வளையத்தின் மேல் விழுகிறது என்பதுதான். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் தள்ளுங்கள், ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். இரண்டில் எதை மாற்றிச் செய்தாலும் டன் கணக்கான விசை குண்டுகள் வழியாகப் போய் ரேஸில் பள்ளம் விழும், புதுப் பேரிங் முதல் நாளே முழங்கும். பிரஸ் வைப்பதற்கு முன் பேரிங் நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப்பை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். ஹப்பை வெளியே தள்ளியதும் பழைய பேரிங்கின் உள் வளையம் ஒன்று ஹப்போடு ஒட்டிக்கொண்டு வருவது சகஜம், புல்லர் பிடிக்காவிட்டால் கிரைண்டரால் முக்கால் ஆழத்துக்கு வெட்டி உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும், கடினமான எஃகு சில்லு சில்லாகத் தெறிக்கும். வெட்டு ஹப் வரைக்கும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங் சீலின் ஒரு பக்கத்திலேயே காந்த வளையம் பதித்திருக்கும், அந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் கவிழ்க்காதீர்கள், காந்தம் வைத்த கருவிகளையும் தள்ளி வையுங்கள். சீல் இங்கே சென்சாருக்கும் வேலை செய்கிறது என்பதால் அதில் கீறல் விழுந்தாலே டாஷ்போர்டில் விளக்கு எரியும்.

இதில் நடு நட் வெறும் பிடிமானத்துக்கு இல்லை, இரண்டு உள் வளையங்களையும் சேர்த்து நெருக்கி பேரிங்குக்கு வேண்டிய முன்சுமையைக் கொடுப்பதே அதுதான். அதனால் புது நட், டார்க் ரெஞ்ச், புத்தகத்தில் உள்ள அளவு, இது மூன்றிலும் சமரசம் வேண்டாம். பல வண்டிகளில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும், இம்பாக்ட் கன்னில் இறுக்கினால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. நட் தளர்ந்திருக்கும்போது சக்கரத்தைத் தரையில் இறக்கி வண்டியை நகர்த்தவே கூடாது, ஒரு சுற்று உருண்டாலும் பேரிங் கெடலாம்.

போல்ட் போட்டு மாட்டும் முழு ஹப் யூனிட் இருந்தால் வேலை சுலபம், பிரஸ்ஸே வேண்டாம். அது நக்கிளில் துருப்பிடித்து ஒட்டியிருப்பதுதான் தொல்லை. எடுத்தபிறகு உட்காரும் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று சுத்தம் செய்யுங்கள், ஒரு துருச் செதில் நடுவில் மாட்டினாலும் ஹப் கோணலாக உட்கார்ந்து டிஸ்க் ஆடும், பிரேக் மிதிக்கும்போது பெடல் துடிக்கும். ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் போல்ட்டைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் உருளவிட்டு நிறுத்துங்கள், பிரேக் சூடு கணக்கைக் குழப்பாமல் இருக்க. புறங்கையை ஹப்புக்குக் கிட்டே கொண்டுபோய் இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். வெதுவெதுப்பு சரி, ஒரு பக்கம் மட்டும் கையை அண்டவிடாமல் கொதித்தால் டேப்பர் ரகத்தில் நட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். டேப்பர் பேரிங் என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி தூக்கி ஆட்டத்தைப் பாருங்கள், கப் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். அப்போதே ரிம்மின் உட்பக்கத்தில் டார்ச் அடித்து, சீலைச் சுற்றி ஈரமாகப் புதுக் கிரீஸ் கசிந்த கோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.